பழைய பண்ணைப் படங்களில் யார் சொல்வதை நம்புவது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் பண்ணை வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறையப் படங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு படத்தில் டிராக்டர் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். "அது நான்தான், சிவப்புக் கவுன் போட்டிருந்தேன், டிராக்டர் வந்த அன்றைக்கு எடுத்தது, 1948" என்கிறார் அத்தை. "கவுன் கறுப்பாகத்தானே இருக்கிறது, அது நீ இல்லை, சின்னவள். வருஷம் 1956" என்கிறார் பெரியப்பா. படத்தின் தேதியைக் கண்டுபிடிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படங்களை வைத்துப் பண்ணையின் அன்றாட வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், படத்தை நம்புவதா, ஞாபகத்தை நம்புவதா என்பதுதான் உங்கள் குழப்பம்.

பழைய படங்களைப் பராமரித்து, அவற்றுக்கு விவரம் எழுதும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, படமும் ஞாபகமும் நம்பத்தக்கவைதான், ஆனால் வேறு வேறு விஷயங்களில். சக்கரம், வாளி, வேலி போன்ற பொருள்களைப் பற்றிப் படம் சொல்வதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால் அது நம்மைத் திசை திருப்பிவிடும். ஞாபகம் இதற்கு நேர்மாறு. தினமும் செய்த வேலையை அச்சுப் பிசகாமல் சொல்லும், வருஷம் கேட்டால் தடுமாறும். அதனால் வருஷத்தைப் படத்திடம் கேளுங்கள், வாழ்க்கையை அத்தையிடமும் பெரியப்பாவிடமும் கேளுங்கள். குடும்பங்களில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. பெரியவர்களைப் பிடித்து வைத்து "இது எந்த வருஷம், இது யார்" என்று துளைப்பார்கள். படத்தைப் பார்த்துவிட்டு "அப்போதெல்லாம் எல்லோரும் எவ்வளவு நேர்த்தியாக உடுத்தினார்கள்" என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

சரி, முதலில் தேதி. இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. கையில் இருக்கும் பிரிண்டுக்கு ஒரு வயது, அதில் பதிந்திருக்கும் நிமிஷத்துக்கு வேறொரு வயது. 1935-ல் எடுத்த நெகட்டிவை 1965-ல் பிரிண்ட் போட்டிருக்கலாம். தாள் சொல்வது 1965-ஐத்தான். தாளின் வயதைப் பார்க்க எளிய கருவி, புற ஊதா ஒளி வீசும் யூவி டார்ச். ஏறத்தாழ 1950-களின் தொடக்கத்திலிருந்து, வெண்மை கூடித் தெரிவதற்காகப் புகைப்படத் தாளில் ஒளிரும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இருட்டறையில் டார்ச் அடித்தால் அந்தத் தாள் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். பண்ணைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940-ல் இறந்தார். அவரே போட்ட பிரிண்டுகள் என்று விற்கப்பட்ட சில, பிற்காலத் தாளில் போடப்பட்டவை என்று 1990-களின் கடைசியில் வெளிப்பட்டதில் இந்த ஒளிர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இது ஒருவழிப் பாதை. ஒளிர்ந்தால் அந்தத் தாள் 1950-க்கு முந்தியது அல்ல என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒளிராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாத் தயாரிப்பாளரும் எல்லாத் தாளிலும் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் டிராக்டர் படம் ஒளிர்ந்தாலும் அத்தை தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. 1948-ல் எடுத்ததற்குப் பின்னால் இன்னொரு காப்பி போட்டிருக்கலாம்.

வெள்ளை ஓரத்தில் மாதமும் வருஷமும் அச்சாகியிருந்தால் அதுவும் கழுவிப் பிரிண்ட் போட்ட தேதிதான். பாக்ஸ் கேமரா காலத்தில் ஒரு ரோலில் எட்டோ பன்னிரண்டோ படம்தான் விழும். அதை முடிக்கவே பல குடும்பங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. அறுவடையில் பாதி, அடுத்த அறுவடையில் மீதி என்று ஒரே ரோலில் இருப்பது சகஜம். எடுத்த நேரத்திலேயே எழுதிய தேதி வேண்டுமென்றால் நெகட்டிவ்களைத் தேடுங்கள். 1914-ல் கோடக் கொண்டுவந்த ஆட்டோகிராஃபிக் கேமராக்களில், பின்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து ஃபிலிமின் ஓரத்திலேயே குச்சியால் எழுத முடியும். 1930-களின் தொடக்கம் வரை அந்த வசதி இருந்தது. நெகட்டிவின் ஓரத்தில் கையெழுத்தில் ஏதாவது தெரிந்தால், அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தாளை விட்டு, படத்துக்குள் வருவோம். இங்கே நான் ஒரே ஒரு விதியைத்தான் கறாராகப் பிடிப்பேன்: படத்தில் இருக்கும் ஆகப் புதிய பொருளை மட்டும் வைத்துத் தேதி பாருங்கள். பண்ணையில் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள். ஐம்பது வருஷத்துப் பழைய வண்டியும் நேற்று வந்த மோட்டாரும் ஒரே கொட்டகையில் நிற்கும். பழைய பொருளைப் பார்த்து "ரொம்பப் பழைய படம்" என்று சொன்னால் நிச்சயம் ஏமாந்துபோவோம். புதிய பொருள் மட்டும் "இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது" என்று ஒரு கோடு போடும். முள்கம்பி வேலி இருந்தால் 1870-களுக்குப் பின். கிளிடன் என்ற அமெரிக்க விவசாயி அதற்குக் காப்புரிமை வாங்கியது 1874-ல். டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் இருந்தால் 1930-களோ அதற்குப் பின்னாலோ. ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1932-ல்தான் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்லாம் பல் வைத்த இரும்புச் சக்கரம்தான். வயலில் ஆள் உயரத்துக்கு உருண்டையான வைக்கோல் கட்டுகள் கிடந்தால் 1970-களுக்கு வந்துவிட்டோம்.

உங்கள் டிராக்டர் சாம்பல் நிற ஃபெர்குசன் என்று இருவருமே ஒத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த டிஇ-20 வகையாக அது இருந்தால், 1946 முதல் 1956 வரை உற்பத்தியானது, ஐந்து லட்சத்துக்கும் மேல். அதாவது அத்தையின் வருஷமும் பெரியப்பாவின் வருஷமும் அதற்குள் அடக்கம்! வண்டி இன்னும் கொட்டகையில் இருந்தாலோ, அதன் தகடோ பழைய ரசீதோ கிடைத்தாலோ, தொடர் எண்ணை வைத்து எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். படம் அதற்கு முன்னால் இருக்க முடியாது. ஆனால் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் வாங்கிய வருஷம் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப் போகும். புதிதாக வந்த டிராக்டரா, நாலு வருஷம் உழுத டிராக்டரா என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். டயரின் பட்டைகள் கூராக இருக்கின்றனவா, மட்கார்டில் மண் அப்பியிருக்கிறதா, இருக்கை ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையில் மடித்த சாக்கு போட்டிருந்தால், அது வந்த அன்றைக்கு எடுத்த படமாக இருக்க வாய்ப்பு குறைவு.

கவுன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பாகத் தெரிகிறது என்பதால் அது சிவப்பு அல்ல என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சாதாரண ரோல் ஃபிலிம்களில் பல, ஆர்த்தோகுரோமாட்டிக் வகை. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் மட்டும் அளவுக்கு மீறித் தெரியும். சிவப்புத் துணி கறுப்பாக விழும், நீல வானம் வெறும் வெள்ளையாகப் போகும், வெயிலில் சிவந்த முகம் இன்னும் கறுத்துத் தெரியும். பாக்ஸ் கேமராக்களில் பரவலாகப் போட்ட வெரிக்ரோம் ஃபிலிம் எல்லா நிறத்துக்கும் ஈடுகொடுக்கும் வகையாக மாறியதே 1956-ல்தான். ஆகவே பெரியப்பாவின் வாதம் அந்த இடத்தில் நிற்காது. அதற்காக அத்தையின் கட்சி ஜெயித்துவிட்டதாகவும் ஆகாது. சிவப்புக் கவுன் அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கியிருக்கலாம் இல்லையா? உடுப்பை வைத்து ஆளைச் சொல்வதில் எப்போதும் இந்த ஆபத்து உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கும் வீட்டில் ஒரே சட்டை மூன்று பேர் மேல் வரும்.

முகத்தை வைத்து யார் என்று தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு வயதில் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். மென்பொருளும் அங்கே திணறும். அதைவிட மோசம், மங்கிய முகத்தைத் "தெளிவாக்கி"த் தரும் இப்போதைய செயலிகள். அவை மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதில்லை. பார்த்துப் பழகிய வேறு முகங்களிலிருந்து ஒரு மூக்கையும் கண்ணையும் புதிதாக வரைந்து வைக்கின்றன. நிறம் ஏற்றுவதும் ஊகம்தான், கவுனுக்கு அது எந்த நிறம் வேண்டுமானாலும் கொடுக்கும். யார், எப்போது என்று தெளிவாகும் வரை அப்படித் திருத்திய படத்தைப் பெரியவர்கள் கண்ணில் காட்டாதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் ஞாபகமும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். இது என் பயம் மட்டுமல்ல. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதில் வெப்பக்காற்றுப் பலூனில் பறந்ததாகப் போலியாகத் தயாரித்த படத்தைக் காட்டிச் சில தடவை பேசவைத்தார்கள். பங்கேற்றவர்களில் பாதிப் பேர், நடக்காத அந்தப் பயணத்தைக் கொஞ்சமாவது "நினைவுகூர்ந்தார்கள்".

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பண்ணைக் குடும்பங்களின் படங்களில் அன்றாட வாழ்க்கை அபூர்வமாகத்தான் இருக்கும். காரணம் எளிது. வேலை நடக்கும்போது எல்லோர் கையும் வேலையில் இருந்தது. கேமரா வெளியே வந்தது விருந்தாளி வந்தபோது, புது வண்டி வந்தபோது, யாராவது ஊரை விட்டுக் கிளம்பியபோது. 1886 முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சாலமன் பட்சர் என்பவர் குடியேறிய விவசாயக் குடும்பங்களைப் படமெடுத்தார். புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளின் முன்னால் மேஜை, பட்சி, மாடு, குதிரை எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் அவை. அவற்றுள் ஒன்றில் ஒரு குடும்பம் வெட்டவெளியில் ஆர்கன் என்ற பெரிய இசைப்பெட்டியைச் சுற்றி நிற்கிறது. மண் வீடு படத்தில் விழக்கூடாது, ஆர்கன் மட்டும் தெரியவேண்டும் என்று வீட்டம்மா சொன்னதால் அதை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள் என்பது அந்தப் படத்தோடு சேர்ந்து வரும் செய்தி. நூறு வருஷம் கழித்துப் பார்ப்பவனுக்கு வெட்டவெளியும் ஆர்கனும்தான் தெரியும். மழைக்கு ஒழுகிய கூரை தெரியாது. உங்கள் பெட்டியிலும் எல்லோரும் தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு நிற்கிறார்கள் என்றால், அது அந்த ஐந்து நிமிஷத்துக்காக.

விவரக்குறிப்பு எழுதுகிறவர்களும் இதில் சேர்த்தி. டொரோதியா லாங்கே என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1936-ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்த தாயும் குழந்தைகளும் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்காகக் கார் டயரை அப்போதுதான் விற்றிருந்தார்கள் என்று லாங்கே 1960-ல் எழுதினார். அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1978-ல்தான். டயரை விற்கவே இல்லை, கார் பழுதாகி அங்கே நின்றோம் என்றார்கள் அவர் குடும்பத்தார். எடுத்தவரின் ஞாபகம் ஒன்று, எடுக்கப்பட்டவர்களின் ஞாபகம் வேறு. இரண்டு பக்கமும் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இத்தனைக்கும் எடுத்தவரின் குறிப்பு, நெகட்டிவ், அரசு ஆவணம் எல்லாம் உள்ள படம் அது. உங்கள் வீட்டு டிராக்டர் படத்தில் இரண்டு பேர் முரண்படுவதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் அன்றாட வாழ்க்கையை எங்கே தேடுவது? நிற்கிறவர்களுக்குப் பின்னால். படத்தை அறுநூறு டிபிஐ-யில் (அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி) ஸ்கேன் செய்து, நடுவில் இருக்கும் ஆட்களை விட்டுவிட்டு, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். கொட்டகைக் கதவு கயிற்றில் தொங்கும். சுவரோரம் கவிழ்த்த வாளி இருக்கும். கொடியில் கோணிச் சாக்கு காயும். வாசலில் மூன்று செருப்பு இருக்கும், படத்தில் நான்கு பேர் நிற்பார்கள். இவை யாரும் யோசித்து வைக்காதவை. பெரியவர்களிடம் இவற்றைத்தான் காட்டிக் கேட்கவேண்டும். "இது யார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த வாளி எதற்கு? தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு நாளைக்கு எத்தனை நடை? யார் தூக்குவார்கள்? அதைத் தூக்கும் வயது எப்போது வரும்?" என்று கேளுங்கள். பெயரும் தேதியும் கேட்டால் பதில் ஒரு வரி. வாளியைக் கேட்டால் அரை மணி நேரம். ஜான் காலியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1950-களில் மானிடவியல் ஆய்வு ஒன்றுக்காக இதை முறைப்படிச் செய்து பார்த்தார். படத்தை நடுவில் வைத்துப் பேசினால் பேச்சு துல்லியமாகிறது, பேசுபவர் சீக்கிரம் களைப்பதில்லை என்று 1957-ல் எழுதினார்.

வருஷம் வேண்டுமென்றால் சுற்றி வளைத்துக் கேளுங்கள். "1948-ஆ 1956-ஆ" என்பது யாருக்கும் பதில் தெரியாத கேள்வி. "டிராக்டர் வந்தபோது கரண்ட் வந்திருந்ததா? பழைய குதிரை உயிரோடு இருந்ததா? நீங்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாயிற்றா? பின்னால் தெரியும் அந்த மரம் அப்போது விழுந்துவிட்டதா?" இந்த மாதிரி முன், பின் கேள்விகளுக்குப் பெரும்பாலும் தயங்காமல் பதில் வரும். மிருகங்களை விடாதீர்கள். எந்த மாடு எப்போது வந்தது, எது எதன் கன்று என்பதைப் பெரியவர்கள் மனிதர்களின் வயதைவிடத் தெளிவாக வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிக் கிடைக்கும் வரிசையில் ஓர் இடத்திலாவது பத்திரம், பிறப்புப் பதிவு, ரசீது என்று எழுத்தில் உள்ள தேதி ஒன்று மாட்டும். மற்றவை அதைச் சுற்றி அமர்ந்துவிடும். அத்தையையும் பெரியப்பாவையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். சேர்த்து உட்காரவைத்தால் குரல் உயர்ந்தவரின் ஞாபகம்தான் குடும்பத்தின் ஞாபகமாகப் பதிவாகும். இருவரும் சொன்னதைத் தேதியும் பெயரும் போட்டு அப்படியே எழுதுங்கள், ஒத்துப்போகாத இடத்தை நீங்கள் சமரசம் செய்துவைக்க வேண்டாம்.

இன்னொன்று. படத்தில் இல்லாதவரைக் கேளுங்கள். கேமராவைப் பிடித்தவர் யார்? சூரியனை முதுகுக்குப் பின் வைத்து எடுக்கச் சொல்லித்தான் அந்தக் காலத்தில் அறிவுரை. அதனால் எடுத்தவரின் நிழல் தரையில் விழுந்திருக்கும், தொப்பியோ பாவாடையோ கூடத் தெரியும். பெட்டி முழுக்க ஒருவர் இல்லவே இல்லை என்றால், ஒன்று அவர்தான் எடுத்தவர், இல்லையென்றால் எப்போதும் உள்ளே வேலையாக இருந்தவர். கூலிக்கு வந்தவர்கள் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார்கள். அவர்கள் பெயரைக் கேட்க உங்கள் தலைமுறைதான் கடைசி வாய்ப்பு.

பராமரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாக. பின்பக்கம் பால் பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், மை இறங்கும், எழுத்தும் முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதினால் போதும். ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்திலிருந்து படம் வர மறுத்தால் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ்களில் வினிகர் வாடை வந்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள், அந்தச் சிதைவு பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்திய ஃபிலிம் பழுத்து, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். வெயில் படும் பரணிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

டிராக்டர் படத்தில் இப்போதைக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அது 1946-க்கு முந்தியது அல்ல என்பது, அதுவும் வண்டி டிஇ-20 என்றால். கவுன் கறுப்பாகத் தெரிவது யாருக்கும் சாதகமில்லை. சிறுமி யார் என்பதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை. அத்தைக்கும் தங்கைக்கும் எத்தனை வயது இடைவெளி என்று நீங்கள் எழுதவில்லை. டிராக்டரின் பின்சக்கர உயரத்தோடு ஒப்பிட்டுச் சிறுமியின் உயரத்தைக் கணக்கிட்டால் வயதை ஏறக்குறைய ஊகிக்கலாம், இரண்டு வருஷம் இப்படி அப்படி இருக்கும். இடைவெளி ஆறேழு வருஷம் என்றால் அதுவே தகராறைத் தீர்த்துவிடும், ஒன்றிரண்டு வருஷம்தான் என்றால் தீர்க்காது. பின்சக்கரமும் சிறுமியின் காலும் முழுதாகத் தெரியும்படி அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்கள், பார்க்கிறேன். ஸ்கேனர் கிடைக்கத் தாமதமானால் பரவாயில்லை, அத்தையிடம் பேசுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.